தியான நூலை இரண்டாவதாகத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தின தியான நூல்களைப் பற்றி நம் நாளிதழில் வந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். அந்த நூல்கள் இல்லாவிட்டால் தன் காலை நேரமே ஓடாது என்கிறார் ஒருவர். அவை விசுவாசிகளைச் சோம்பேறிகளாக்கிவிட்டன, எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு வேதாகமத்தை மட்டும் கையில் எடுங்கள் என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதை முதலில் திறக்கிறோம் என்பதை இருவருமே தொடவில்லை, என்னைக் கேட்டால் முக்கால்வாசி விஷயம் அதில்தான் இருக்கிறது.

பெரும்பாலான தியான நூல்களின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மேலே தேதி. அதன் கீழே ஒரு தலைப்பு, சிறிய எழுத்தில் 'வாசிக்க' என்று ஒரு வேதபகுதி, தடித்த எழுத்தில் அந்தப் பகுதியிலிருந்து ஒரே ஒரு வசனம். அப்புறம் ஒரு சம்பவம், அதிலிருந்து ஒரு பாடம், கடைசியில் இரண்டு வரி ஜெபம். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இதில் எல்லோருடைய கண்ணும் தாண்டிப் போகிற இடம் அந்தச் சிறிய எழுத்துதான். வசனம்தான் கீழேயே அச்சாகியிருக்கிறதே, இன்னொரு புத்தகத்தை எடுத்துப் புரட்டுவானேன் என்று மனம் சொல்லிவிடுகிறது. நூலை எழுதியவரோ அந்தப் பகுதியை வாசித்துவிட்டுத்தான் நாம் கீழே வருவோம் என்று நம்பி எழுதியிருக்கிறார். அவர் விருந்துக்கு அழைக்கிறார், நாம் அழைப்பிதழைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாற்கு 4:35-41, இயேசு புயலை அடக்கிய பகுதி. இதை வைத்து எழுதப்படாத தியான நூலே இருக்காது. பெரும்பாலும் எழுதப்படுவது இதுதான்: உங்கள் வாழ்க்கையிலும் புயல் வரும், இயேசு உங்கள் படகில் இருக்கிறார், பயப்படாதீர்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நூலைத் திறக்கும் முன் அந்த ஏழு வசனங்களை மட்டும் நிதானமாக இரண்டு தடவை வாசித்துப் பாருங்கள். அக்கரைக்குப் போவோம் என்று முதலில் சொன்னதே இயேசுதான், அதாவது சீஷர்கள் கீழ்ப்படிந்து போன வழியில்தான் புயல் வந்தது. வேறே படவுகளும் அவரோடேகூட இருந்தன என்று ஒரு வரி வருகிறது. அந்தப் படகுகளில் இருந்தவர்களுக்கும் அன்றைக்குக் கடல் அமர்ந்தது, அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. படகில் தண்ணீர் நிரம்பும் அளவுக்கு அலை மோதும்போது இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார், அந்தத் தலையணையைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார் மாற்கு. நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். அது ஜெபம் மாதிரியே இல்லை, கோபம் மாதிரி இருக்கிறது, ஆனாலும் அவர் எழுந்திருக்கிறார்.

கடைசி வசனத்தைப் பாருங்கள். அவர்கள் 'மிகவும் பயந்து' என்று வருவது புயலின் நடுவில் அல்ல, எல்லாம் அமர்ந்த பிறகு! இவர் யாரோ, காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே என்ற பயம் அது. இப்படி ஒரு பயம் உண்டென்று எந்த மூன்று நிமிடப் பக்கமும் நமக்குச் சொல்லித் தருவது கடினம், நாமே அந்த வசனத்தின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் அது உறைக்கும். அப்படியே ஐந்தாம் அதிகாரத்தின் முதல் வசனங்களுக்குப் போனால், அக்கரையில் காத்திருந்தது கல்லறைகளில் குடியிருந்த ஒரு மனிதன், யாராலும் சங்கிலியால்கூடக் கட்ட முடியாதவன். அந்த ஒரு மனிதனுக்காகவா இந்தக் கடல் பயணம் என்று தோன்றும்போது உள்ளே என்னவோ செய்கிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகு தியான நூலைத் திறங்கள். இப்போது அதை எழுதியவரோடு நீங்கள் பேச முடியும். ஆமாம், நானும் பார்த்தேன் என்பீர்கள், அல்லது இது என் கண்ணில் படவே இல்லையே என்பீர்கள். சில நாள், இவர் சொல்வது இந்தப் பகுதியில் இல்லையே என்றும் சொல்வீர்கள். நூலை முதலில் வாசித்தவருக்கு இந்த மூன்றுமே கிடைக்காது, ஏனென்றால் அதற்குப் பிறகு அதே பகுதிக்குப் போனாலும் அந்த எழுத்தாளர் காட்டியது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

அப்போஸ்தலர் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரியை நினைத்துக்கொள்கிறேன். வாசிக்கிறவைகளின் கருத்து தெரியுமா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர். உதவி நூல்களே வேண்டாம் என்கிற சகோதரருக்கு இந்த ஒரு வசனமே பதில் என்று நினைக்கிறேன். விளக்க ஒருவர் தேவை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சம்பவம் நடந்த வரிசையைக் கவனியுங்கள். பிலிப்பு வருவதற்கு முன்பே அந்த மனிதர் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைத் திறந்து வாசித்துக்கொண்டிருக்கிறார், தன்னைக்குறித்தா அல்லது வேறொருவரைக்குறித்தா தீர்க்கதரிசி இதைச் சொல்லுகிறார் என்று ஒரு கேள்வியையும் கையில் வைத்திருக்கிறார். பிலிப்பு அந்த வேதவாக்கியத்திலிருந்தே தொடங்கி இயேசுவைப் பிரசங்கிக்கிறார். ஞானஸ்நானம் முடிந்ததும் ஆவியானவர் பிலிப்பைக் கொண்டுபோய்விடுகிறார், மந்திரி சந்தோஷத்தோடே தன் வழியே போகிறார். நல்ல தியான நூல் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான்: நம் மடியில் ஏற்கெனவே திறந்திருக்கும் பகுதியில் வந்து உட்கார வேண்டும், கிறிஸ்துவைக் காட்ட வேண்டும், பிறகு இறங்கிப் போய்விட வேண்டும்.

நூல்களைத் தூக்கிப்போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இன்னொரு காரணம், அவை பிறந்த விதம். மொரேவிய சபையார் ஜெர்மனியிலுள்ள ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1728-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி, தங்கள் தலைவர் சின்சென்டோர்ஃப் கொடுத்த ஒரு வாசகத்தை அடுத்த நாளுக்கென்று மனதில் ஏந்திச் சென்றார்கள். அதிலிருந்துதான் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாசகம் என்ற வழக்கம் அங்கே வளர்ந்தது. 1731-ஆம் ஆண்டுக்கென்று அது முதல்முறை அச்சானது, இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. அதில் விளக்கவுரை கிடையாது. பழைய ஏற்பாட்டிலிருந்து சீட்டுப்போட்டு எடுத்த ஒரு வசனம், அதற்கு இசைவாகப் புதிய ஏற்பாட்டிலிருந்து ஒன்று, கூடவே ஒரு பாடல் வரியோ ஜெபமோ. மீதி வேலை வாசிப்பவருடையது.

ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் புகழ்பெற்ற தியான நூலை வைத்திருக்கும் பலருக்கு, அதை அவர் தியான நூலாக எழுதவே இல்லை என்பது தெரியாது. அவர் 1917-இல் எகிப்தில் இறந்துவிட்டார், நூல் வெளிவந்தது 1927-இல். லண்டனில் வேதாகமக் கல்லூரி மாணவர்களுக்கும் எகிப்தில் போர்வீரர்களுக்கும் அவர் பேசியதையெல்லாம் அவர் மனைவி சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருந்தார், கணவர் போன பிறகு அந்தக் குறிப்புகளிலிருந்து நாளுக்கு ஒரு பக்கமாகத் தொகுத்தார். ஒரு மணி நேரப் பேச்சின் ஒரு துண்டு நம் கையில் ஒரு பக்கமாக வந்திருக்கலாம். சில நாள் அந்தப் பக்கம் விளங்காமல் போனால் நமக்குப் பக்தி குறைவு என்று எண்ணி வருந்த வேண்டாம், முன்னும் பின்னும் அவர் பேசியது அங்கே இல்லை, அவ்வளவுதான். அதேபோல லெட்டி கவ்மன் 1925-இல் வெளியிட்ட தொகுப்பு, கணவரின் நீண்ட நோய்க்காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட காலத்திலிருந்து வந்தது. கணவர் அதற்கு முந்தைய வருடம்தான் காலமானார். துக்கத்தில் இருப்பவர்கள் அந்த நூலை ஏன் தேடிப் போகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். பவுல்கூட சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மேலங்கியோடு புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்து வரச் சொல்கிறார். சாவு நெருங்கியிருந்த ஒரு அப்போஸ்தலருக்கே புத்தகம் தேவைப்பட்டது.

சரி, வசனங்களைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கலுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம் இது. எரேமியா 29:11 தியான நூல்களில் அடிக்கடி வருகிற வசனம். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிறார் கர்த்தர். அதற்கு முந்தின வசனத்திலேயே, பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்பு என்று இருக்கிறது. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், அதை முதலில் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்புவதற்குள் இறந்துபோயிருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. இதற்கு முந்தின 28-ஆம் அதிகாரத்துக்குப் போனால், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். அவன் சொன்னதுதான் கேட்க இனிமையாக இருந்தது, ஆனால் அது பொய். வேலைக்காக, திருமணத்துக்காக, சுகத்துக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு 29:11-ஐ மட்டும் வெட்டிக் கொடுத்தால், கர்த்தர் சொன்னதை வைத்துக்கொண்டே அனனியா சொன்னதைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு வருடத்தில் நடக்கவில்லை என்றதும் அவர் தன் விசுவாசத்தையே சந்தேகிப்பார். முழு அதிகாரத்தையும் வாசித்தவருக்கோ அந்த எழுபது வருடத்துக்கும் போதுமான ஆறுதல் அங்கேயே இருக்கிறது.

பிலிப்பியர் 4:13-உம் இப்படித்தான். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்பதைத் தேர்வுக்கும் போட்டிக்கும் எடுத்துக்கொள்கிறோம், அதற்கு முந்தின வசனத்தில் பவுல் பேசுவதோ திருப்தியாயிருப்பதைப் பற்றியும் பட்டினியாயிருப்பதைப் பற்றியும்.

சங்கீதம் 88 எத்தனை நூல்களில் வருகிறது என்று பாருங்கள். கடைசி வரி வரைக்கும் இருள்தான். சிநேகிதனும் தோழனும் தூரமாகிவிட்டார்கள் என்று முடிகிறது, 'ஆனாலும்' என்ற திருப்பம் வருவதே இல்லை. நாளுக்கு ஒரு நம்பிக்கை வார்த்தையோடு முடிய வேண்டும் என்ற அமைப்பில் இதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் மன அழுத்தத்தில் மாதக்கணக்காக இருக்கும் ஒரு விசுவாசிக்கு, தன்னைப் போலவே ஒருவன் ஜெபித்திருக்கிறான், அந்த ஜெபத்தைத் தேவன் தம் புத்தகத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறார் என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்! வேதாகமத்தை வரிசையாக வாசிப்பவர் என்றைக்காவது ஒரு நாள் அந்தச் சங்கீதத்துக்கு வந்தே தீருவார். தியான நூலை மட்டும் நம்பியிருப்பவர் வராமலே போய்விடலாம்.

எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெரியவர்களின் பழக்கத்தைச் சொல்கிறேன். அநாதைக் குழந்தைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர் பல வருடங்களாகக் காலையில் எழுந்ததும் முதலில் ஜெபத்தில் உட்காருவார், மனம் அலைபாய்ந்து வெகுநேரம் வீணாகும். பிறகு வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தை வாசித்துத் தியானிப்பது, அதிலிருந்து எழுகிற நன்றியையும் அறிக்கையையும் வேண்டுதலையும் அப்படியே ஜெபமாக்குவது. இதை 1841-இல் எழுதி வைத்திருக்கிறார். பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுப்பதற்காக அல்லாமல் தன் ஆத்துமாவின் உணவுக்காக வாசித்ததாக அவர் சொல்வதை, போதகர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிரசங்கத் தயாரிப்பு, தேவனோடு தனித்திருக்கும் அமைதி நேரத்துக்கு ஈடாகாது.

இன்னொருவர் மார்ட்டின் லூத்தர். எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தன் சவரத் தொழிலாளி பீட்டருக்கு 1535-இல் ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டால் நான்கு விதமாகப் பார்ப்பாராம்: இது எனக்கு என்ன போதிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, என்ன கேட்க வைக்கிறது. இந்த நான்கும் எந்த வேதபகுதிக்கும் பொருந்தும். படிப்பு அதிகம் இல்லாதவரும் செய்யலாம், ஒரு சின்ன நோட்டு இருந்தால் போதும். இடையில் பரிசுத்த ஆவியானவர் ஒரு எண்ணத்தில் உங்களோடு பேசத் தொடங்கினால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அதையே கவனியுங்கள் என்றும் லூத்தர் சொல்லியிருக்கிறார். இன்றைய பக்கத்தை எப்படியாவது முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கும் நமக்கு இது மிகவும் தேவை.

நேரம் இல்லை என்பார்கள். பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் பத்து நிமிடத்தை வேதபகுதிக்கும் ஜெபத்துக்கும் கொடுங்கள், மிச்சத்தை நூலுக்குக் கொடுங்கள். ஐந்தே நிமிடம்தான் என்றால் அன்றைக்கு நூலை விட்டுவிட்டு அந்தப் பகுதியை மட்டும் வாசியுங்கள். காலையில் முடியாதவர்கள் இரவில் செய்யலாம், அதில் குற்ற உணர்வு வேண்டாம். லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன்கூட 1865-இல் காலைக்கென்று ஒரு தொகுப்பும் 1868-இல் மாலைக்கென்று இன்னொன்றும் வெளியிட்டார்.

தேதி போட்ட நூல்களில் இன்னொரு தொல்லை உண்டு. நான்கு நாள் விட்டுப்போனால், விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் வாசித்துக் கணக்கைச் சரிசெய்யப் பார்க்கிறோம், அல்லது சோர்ந்துபோய் நூலையே மூடி வைத்துவிடுகிறோம். இரண்டும் வேண்டாம். இன்றைய தேதியைத் திறங்கள், போதும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு நாள்தோறும் உணவாகக் கிடைத்த மன்னாவை நேற்றைக்கும் சேர்த்துப் பொறுக்கச் சொல்லி யாரும் கட்டளை இடவில்லை.

நான் சொல்கிற இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு யாரும் பலவீனரை நெருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர், கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்த தாய், துக்கத்தில் எழுத்துகூடக் கண்ணில் நிற்காதவர், கண்பார்வை மங்கிய முதியவர், இவர்களுக்கு அந்த ஒரு பக்கமும் அதிலுள்ள ஒரு வசனமும் போதும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரிடம் லேவியராகமத்தில் தொடங்கச் சொல்லிவிட்டு ஒரு உதவியும் கொடுக்காமல் விடுவது கொடுமை. அவருக்கு நூல் வேண்டும், கூடவே வாசிக்க ஒரு ஆளும் வேண்டும். நான் பேசுவது, நல்ல சுகத்தோடு, நேரத்தோடு, வீட்டில் மூன்று வேதாகமங்களோடு இருந்துகொண்டு பல வருடங்களாக அடுத்தவர் வாசித்துச் சொன்னதை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் நம்மைப் பற்றி.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது, எழுதியவரின் பெயர் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்கு முன்னால் நடுவில் இருந்து நான்கைந்து பக்கங்களை வாசித்துப் பாருங்கள். முழுப் பகுதியையும் வாசிக்கச் சொல்கிறாரா? அவர் சொல்லும் பாடம் அந்தப் பகுதியிலிருந்து வருகிறதா, அல்லது எங்கேயோ கேட்ட சம்பவத்துக்குப் பொருத்தமாக ஒரு வசனத்தைத் தேடி ஒட்டியிருக்கிறாரா? பாவம், மனந்திரும்புதல், பிறனுக்குச் செய்ய வேண்டிய நியாயம் என்று எங்கேயாவது வருகிறதா, இல்லை எல்லாப் பக்கமும் ஆசீர்வாதம்தானா? வேதம் வாக்குக் கொடுக்காததை அவர் வாக்குக் கொடுக்கிறாரா? கடைசிக் கேள்வி ஒன்றுக்காகவே சில நூல்களை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. கைப்பேசியில் தினம் வந்து விழும் வசனப் படங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும், அனுப்புவதற்கு முன் அந்த அதிகாரத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரு தியான நூலை இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் அதனோடு ஒரு வாசிப்பு அட்டவணையும் இருந்தால் நல்லது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842-இல் தன் சபையாருக்காகத் தயாரித்த அட்டவணைப்படி வாசித்தால், வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடியும். நாளுக்கு நான்கு அதிகாரம் கொஞ்சம் அதிகம்தான், பாதியாகக் குறைத்து இரண்டு வருடத்தில் முடித்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நமக்குப் பிடித்த வசனங்களை விட்டு நகர்ந்து, நாம் ஒருபோதும் தேடிப்போகாத நாகூமுக்கும் செப்பனியாவுக்கும் போகிறோம் என்பதுதான் இதன் பலன்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளிதழில் தினமும் ஒரு வேதவசனம் போடுகிறீர்கள், அதற்கு நன்றி. வசனத்தின் கீழே அது வரும் அதிகாரத்தையோ பகுதியையோ 'முழுவதும் வாசிக்க' என்று ஒரே ஒரு வரியாகச் சேர்த்து அச்சிட முடியுமா? எரேமியா 29:11 வரும் நாளில் 28:1 முதல் 29:14 வரை என்று போட்டால் போதும். விளக்கம் எதுவும் வேண்டாம், இடமும் அதிகம் பிடிக்காது. அந்த வரி முடிந்தவரை வசனத்தின் அளவு எழுத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்